தவறை எழுதினால் போதுமா?

ஒரு பயிற்சி மருத்துவரை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். படிப்பை முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் பிள்ளை. உங்கள் மகனாகவோ மகளாகவோ கூட இருக்கலாம். வார்டில் நிமோனியாவோடு ஒரு மூதாட்டி படுத்திருக்கிறார். மாலை ரவுண்ட்ஸில் சீஃப் வந்து பார்க்கிறார். "இந்த ஆன்டிபயாடிக் கேட்கவில்லை, மாற்றி எழுதிவிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். பிள்ளை பேனாவை எடுக்கிறான். அதற்குள் வார்டின் மறுகோடியில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். ஓடுகிறான். திரும்பி வரும்போது மாற்றி எழுத வேண்டியது நினைவில் இல்லை. இரவு டூட்டி சிஸ்டர் கேஸ் ஷீட்டில் இருக்கும் பழைய மருந்தையே போடுகிறார். காலையில்தான் தெரியவருகிறது. உடனே மாற்றுகிறார்கள். மூதாட்டிக்குக் காய்ச்சல் இறங்க மேலும் நான்கு நாட்களாகின்றன. அந்த ஓர் இரவின் தாமதம்தான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கும் போய்விட்டார். கூட இருந்து பார்த்துக்கொண்ட மகனுக்கு நான்கு நாள் கூலி போயிற்று.

மாதக் கடைசியில் லாக்புக்கில் ஒரு பக்கம் எழுத வேண்டும். இந்த மாதம் உன்னைச் சிந்திக்க வைத்த ஓர் அனுபவம் எது, அதிலிருந்து என்ன கற்றாய் என்பது கேள்வி. பிள்ளை இதைத்தான் எழுதுகிறான். என்ன நடந்தது, மனம் எப்படிப் பதறியது, எங்கே தவறினேன், இனி என்ன செய்வேன் எல்லாம் எழுதுகிறான். நன்றாகவே எழுதுகிறான். சீஃப் படித்துவிட்டு 'நன்று' என்று கையெழுத்துப் போடுகிறார்.

அந்த மூதாட்டிக்கு மட்டும் இன்றுவரை எதுவும் தெரியாது.

இந்தக் கணக்கு முடிந்துவிட்டதா? இதுதான் இன்று நாம் பேசப்போகும் கேள்வி. மருத்துவம், நர்ஸிங், பார்மஸி, லேப் டெக்னீஷியன் என்று நம் பிள்ளைகள் இத்துறைக்கு நிறையப் போகிறார்கள். இது அவர்களுக்கான கேள்வி. நாம் எல்லோரும் என்றாவது ஒருநாள் அந்தப் படுக்கையில் படுக்கப் போகிறவர்கள் என்பதால் நமக்கான கேள்வியும்தான்.

தன்னைத் தானே விசாரிப்பது

செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து, அதிலிருந்து கற்றுக்கொள்வதை ஒரு தொழில்முறைப் பழக்கமாக ஆக்க வேண்டும் என்ற சிந்தனை, கடந்த 40 ஆண்டுகளில் உலகெங்கும் மருத்துவக் கல்விக்குள் வந்திருக்கிறது. 1983-ல் அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நல்ல தொழிலாளி வேலை நடக்கும்போதே யோசிக்கிறான், முடிந்த பிறகும் யோசிக்கிறான் என்பது அவர் சொன்னதன் சாரம். 1988-ல் இங்கிலாந்தின் கிரஹாம் கிப்ஸ் அதை ஆறு படிகளாக ஆக்கினார். நடந்ததைச் சொல். உன் மனநிலையைச் சொல். எது சரி, எது தவறு என்று மதிப்பிடு. ஏன் அப்படி நடந்தது என்று ஆராய். வேறு என்ன செய்திருக்கலாம் என்று முடிவுக்கு வா. அடுத்த முறைக்குத் திட்டமிடு. இன்று நர்ஸிங் மாணவர்கள் பலரும் படிப்பது இந்த ஆறு படிகளைத்தான்.

பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல், ஒரு செவிலியர் தன் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை இப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதியதை இன்னொரு செவிலியரோடு உட்கார்ந்து பேசியும் இருக்க வேண்டும். நம் நாட்டிலும் 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து 'ஏட்காம்' என்ற பாடம் வந்திருக்கிறது. மனப்பாங்கு, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கும் பாடம் அது. மாணவர்கள் தம் அனுபவத்தைச் சிந்தித்து எழுதுவதும் அதில் ஒரு பகுதி.

நமக்கு இது புதிதல்ல. முஹாஸபா, அதாவது சுயவிசாரணை என்ற சொல்லை இந்த மிம்பரிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன் இங்கேயே உங்களைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற உமர் (ரலி) அவர்களின் அறிவுரையைத் தெரியாதவர் நம்மில் இல்லை. பஸராவில் பிறந்த ஹாரிஸ் (ரஹ்) என்ற பெரியாருக்கு 'முஹாஸிபீ' என்ற பட்டமே இந்தப் பழக்கத்தால்தான் வந்தது. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இதற்கென்றே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். முஹாஸபாவைப் படித்து மார்க் போட ஆளில்லை. லாக்புக்கைப் படித்து மார்க் போட ஆளிருக்கிறது.

ஆளிருக்கும் இடத்தில் முகஸ்துதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெரிய தவறை எழுதினால் பெயர் கெடும், தவறே இல்லை என்று எழுதினால் சிந்திக்கவில்லை என்பார்கள். ஆகவே, நடுத்தரமான ஒரு தவறைத் தேடிப் பிடித்து, நடுத்தரமாக வருந்தி, அழகாகத் திருந்திவிடுகிறார்கள். சில மாணவர்கள் முந்தைய பேட்ச் எழுதியதைப் பார்த்தே எழுதுகிறார்கள். வருத்தத்தையும் காப்பி அடிக்க முடியும் என்பதை நாம் அறியாதவர்களா? கண்ணீரையே காட்டிக்கொள்வதற்காக வடிக்க முடியும் என்று எச்சரித்த மார்க்கம் நம்முடையது.

எனவே முதல் செய்தி இது. எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் எழுதப்பட்டுவிட்டது என்பதாலேயே விசாரணை நடந்துவிட்டது என்று ஆகாது.

தவறு வேறு, குற்றம் வேறு

இதைக் கேட்கும் மருத்துவ மாணவர் ஒருவர் மனதுக்குள் கேட்பார்: "ஹஜ்ரத், உண்மையை எழுதினால் அதுவே எனக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டால்?"

இந்தப் பயம் கற்பனையானதல்ல. 2011-ல் இங்கிலாந்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் செப்சிஸ் என்னும் கடும் தொற்றால் இறந்தான். அன்று டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர் பேறுகால விடுப்பு முடிந்து அண்மையில் திரும்பியவர். அன்று ஆள் பற்றாக்குறை. பரிசோதனை முடிவுகளைக் காட்டும் கம்ப்யூட்டரும் பல மணி நேரம் பழுது. 2015-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2018 ஜனவரியில் அவருடைய பெயர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துச் செய்தது. இந்த வழக்கின்போது, அவர் பயிற்சிக் குறிப்பேட்டில் மனம் திறந்து எழுதியதே அவருக்கு எதிராகப் பயன்பட்டது என்ற செய்தி மருத்துவர்களிடையே பரவியது. அந்தக் குறிப்பேடு ஜூரிகள் முன் வைக்கப்படவில்லை என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. இனி எழுதமாட்டோம் என்று பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். மருத்துவர்களின் சிந்தனைக் குறிப்புகளைக் கட்டாயப்படுத்திக் கேட்கும் அதிகாரம் கண்காணிப்பு அமைப்புகளுக்கு இருக்கக் கூடாது என்று அரசு அமைத்த குழுவே 2018-ல் பரிந்துரைத்தது.

இந்தப் பயத்தை நாம் கேலி செய்யக் கூடாது. ஆனால் இந்த இடத்தில் நம் மார்க்கம் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கற்றுத் தந்திருக்கிறது.

வேண்டுமென்றே செய்வது வேறு, தவறுதலாக நடந்துவிடுவது வேறு. இரண்டையும் அல்குர்ஆன் ஒன்றாக வைக்கவில்லை. ஸூரா அன்னிஸாவில் தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் என்ன செய்வது என்ற சட்டம் வருகிறது. கொலைகாரனுக்குரிய எச்சரிக்கை அவனுக்கு இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் விட்டுவிடவில்லை. பரிகாரம் செய்ய வேண்டும், இறந்தவரின் குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும், அவர்களாக விட்டுக்கொடுத்தாலே தவிர. நோக்கத்தில் குற்றமில்லை. ஆனாலும் பொறுப்பு இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்கிறது பாருங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவரின் சாதாரணக் கணிப்புப் பிழையைக் கிரிமினல் குற்றமாக்க முடியாது, அதற்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. கற்றவருக்கும் கல்லாதவருக்கும், தவறியவருக்கும் துணிந்தவருக்கும் ஒரே தராசை மார்க்கமும் வைக்கவில்லை, சட்டமும் வைக்கவில்லை.

எனவே அந்தப் பிள்ளையிடம் நாம் சொல்ல வேண்டியது: மகனே, மறந்தது உன் பாவம் என்று உன்னை நீயே வதைத்துக்கொள்ளாதே. ஆனால் மறந்ததால் ஒருவருக்கு நேர்ந்தது உன் பொறுப்பு. அதிலிருந்து நழுவாதே.

நான்காவது நிபந்தனை

தவ்பாவின் நிபந்தனைகளை மதரஸாவில் ஓதியிருப்பீர்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் தவ்பா பாடத்தின் தொடக்கத்திலேயே அவற்றைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தவறை விட்டு விலக வேண்டும். செய்ததற்காகக் கைசேதப்பட வேண்டும். இனி அதன் பக்கம் திரும்பமாட்டேன் என்று உறுதி கொள்ள வேண்டும். இந்த மூன்றும், அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்ட விஷயத்தில். இன்னொரு மனிதனின் ஹக் சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்று சேர்கிறது. அந்த உரிமைக்காரரிடம் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பொருளாக இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்போது கிப்ஸின் ஆறு படிகளை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். நடந்ததை ஒப்புக்கொள்வது இருக்கிறது. கைசேதம் இருக்கிறது. இனி இப்படிச் செய்வேன் என்ற உறுதி இருக்கிறது. மூன்று நிபந்தனைகளும் வந்துவிட்டன. நான்காவது மட்டும் இல்லை. ஆறு படிகளில் எந்தப் படியிலும் அந்த நோயாளி இல்லை. அவர் பாடமாக வருகிறார், உரிமைக்காரராக வரவில்லை.

அந்த மாணவன் லாக்புக்கில் கற்றுக்கொண்டான், உண்மைதான். யாருடைய செலவில் கற்றுக்கொண்டான்? அந்த மூதாட்டியின் நான்கு நாள் காய்ச்சலின் செலவில், அவருடைய மகனின் நான்கு நாள் கூலியின் செலவில். கடன் வாங்கியவன் தன் நோட்டில் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, கொடுத்தவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தால், அது கடனைத் தீர்த்ததாக ஆகுமா?

இங்கே இன்னொரு சந்தேகம் வரும். தன் குறைகளை அல்லாஹ் மறைத்திருக்க, அவற்றைத் தானே வெளியில் சொல்லித் திரிவது கூடாது என்றும் மார்க்கம் சொல்கிறதே? ஆம், சொல்கிறது. அது உனக்கும் உன் ரப்புக்கும் இடைப்பட்ட பாவங்களைப் பற்றியது. அடுத்தவரின் உடலுக்கு நேர்ந்ததை அவரிடமே மறைப்பதற்கு அதை ஆதாரமாக்க முடியாது. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உரியவருக்குச் சொல்ல வேண்டும்.

இதைவிட ஆழமான ஒரு விஷயமும் இருக்கிறது. சற்று முன் சொன்ன அந்த ஆயத்தில், குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலே தவிர என்று வந்ததல்லவா? விட்டுக்கொடுக்கும் உரிமை அவர்களுடையது. மன்னிப்பது ஒரு தர்மம், அதற்குக் கூலி உண்டு. ஆனால் தெரியாத ஒன்றை எப்படி மன்னிப்பார்கள்? தவறை மறைக்கும்போது நாம் ஒரு தகவலை மட்டும் மறைக்கவில்லை. அவர்கள் மன்னிக்கும் உரிமையையும், மன்னித்தால் அவர்களுக்குக் கிடைக்கும் நன்மையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். அந்த மூதாட்டி கேட்டிருந்தால், "போகட்டும் தம்பி, நீயும் பிள்ளைதானே, ராத்திரியெல்லாம் தூங்காம ஓடுற" என்று தலையைத் தடவிவிட்டிருக்கலாம். கோபப்பட்டும் இருக்கலாம். இரண்டுமே அவருடைய உரிமை.

தொழுகையோடும் நோன்போடும் வந்தும், மனிதர்களின் உரிமைகளைத் தீர்க்காததால் மறுமையில் எல்லாவற்றையும் இழந்து நிற்கும் முஃப்லிஸைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே லாக்புக் கையெழுத்து உதவாது.

உலகமும் மெல்ல இந்த நான்காவது நிபந்தனையை நோக்கி வருகிறது. இங்கிலாந்தில் 2014 நவம்பர் முதல், சிகிச்சையில் குறிப்பிட்ட அளவு தீங்கு நேர்ந்தால் அதை நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ வெளிப்படையாகச் சொல்லி வருத்தம் தெரிவிப்பது மருத்துவமனைகளின் சட்டப்படியான கடமை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-லிருந்தே தன் தவறுகளைத் தானே சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. வழக்குகள் குவிந்துவிடும் என்று பலர் பயந்தார்கள். 2010-ல் வெளியான ஆய்வின்படி, ஒரு லட்சம் சிகிச்சைகளுக்கு 7.03 என்று இருந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 4.52 ஆகக் குறைந்தன. உண்மையைச் சொன்னால் எப்போதும் லாபம்தான் வரும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. நஷ்டம் வந்தாலும் ஹக் ஹக்தான். ஆனால் பயம் சொல்வதெல்லாம் நடந்துவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

பின்னால் நிற்பவரின் குரல்

தவறு நடந்த பிறகு பேசுவதைப் பற்றிச் சொன்னோம். நடந்துகொண்டிருக்கும்போதே பேசுவது அதைவிட முக்கியம். இதற்கான பாடம் நம் பள்ளிவாசலிலேயே இருக்கிறது.

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான, அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம். ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். பின்னால் தொழுதவர்களில் அபூபக்ர் (ரலி) இருக்கிறார்கள், உமர் (ரலி) இருக்கிறார்கள். மரியாதையின் கனத்தால் அவர்களே பேசத் தயங்கினார்கள். அப்போது துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு மனிதர் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்பதே நபியவர்களிடமிருந்து வந்த முதல் பதில். ஆனால் அத்தோடு விடவில்லை. மற்றவர்களிடம் திரும்பி, இவர் சொல்வது சரியா என்று விசாரித்தார்கள். ஆம் என்றதும், விடுபட்ட ரக்அத்துகளைத் தொழுதுவிட்டு மறதிக்காக இரண்டு ஸஜ்தா செய்தார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு சம்பவத்தைக் கேளுங்கள். 2005 மார்ச் மாதம், இங்கிலாந்து. எலெய்ன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், சைனஸுக்காக ஒரு சாதாரண அறுவைச் சிகிச்சைக்குப் போகிறார். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. அனுபவமுள்ள மருத்துவர்கள் தொண்டை வழியாகக் குழாயைச் செருகத் திரும்பத் திரும்ப முயல்கிறார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டிய கட்டம் அது. அந்த அறையிலிருந்த ஒரு செவிலியர் அதற்கான கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொல்லவும் செய்கிறார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிடுகிறார். மருத்துவர்களின் கவனம் குழாயை விட்டு நகரவில்லை. அதற்கு மேல் அழுத்திச் சொல்ல அந்தச் செவிலியர்களுக்குத் துணிவும் வரவில்லை, வழிமுறையும் தெரியவில்லை. 13 நாட்கள் கழித்து அந்தப் பெண் இறந்துபோனார்.

அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. விமான விபத்து நடந்தால் ஏன் நடந்தது என்று விசாரிப்பார்கள், இங்கே ஏன் விசாரிப்பதில்லை என்று கேட்டார். யாரையும் பழிவாங்க அவர் கேட்கவில்லை, மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே கேட்டார். மனைவியின் மரணத்தை மருத்துவர்களுக்குப் பாடமாக்கினார்.

அந்த அறையில் அறிவு இருந்தது. கருவி இருந்தது. துல்யதைனின் குரலும் ஓரளவுக்கு இருந்தது. திரும்பி மற்றவர்களிடம் 'இவர் சொல்வது சரியா' என்று கேட்கும் மனம்தான் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

நம் தொழுகையில் இமாம் தவறினால் பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார்? ஆண்கள் 'ஸுப்ஹானல்லாஹ்' என்கிறார்கள், பெண்கள் கைதட்டுகிறார்கள். பின்னால் நிற்பவர் ஆலிமாக இருக்க வேண்டியதில்லை. வயதில் மூத்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. எந்த இமாமும், என்னைத் திருத்த நீ யார் என்று தொழுகைக்குப் பிறகு சண்டைக்கு வருவதில்லை. எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒரு சொல், அதைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும். மருத்துவத்துறை இன்று இதைத்தான் ஏற்படுத்தப் பார்க்கிறது. நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரியில் சொல்லும் 'எஸ்பார்' முறையை நர்ஸிங் மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்ச அறுவைச் சிகிச்சைப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் ஒன்று. பெயர் சொல்லிப் பழகிய வாய், ஆபத்தில் பேசவும் பழகும் என்பதே அதன் நோக்கம்.

சீஃப்களாகவும் பேராசிரியர்களாகவும் இருக்கும் சகோதரர்களே! உங்கள் வார்டில் ஒரு சிஸ்டரோ ஹவுஸ் சர்ஜனோ 'ஸுப்ஹானல்லாஹ்' சொல்ல முடிகிறதா? கடைசியாக எப்போது சொன்னார்கள்? ரொம்ப நாளாக யாரும் சொல்லவில்லையென்றால், நீங்கள் தவறவே இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல.

சொல்வது எப்படி?

அன்பு மாணவர்களே! நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றதும் நாளைக் காலை தனியாகப் போய்க் கொட்டிவிடாதீர்கள். முதலில் உங்கள் சீஃபிடம் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி பதியுங்கள். பழைய தேதியில் எதையும் சேர்க்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். பிறகு மூத்தவர் ஒருவரோடு சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்.

கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்றே புற்றுநோய் மருத்துவர்கள் 2000-ல் ஆறு படி முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதன் சாரம் எளிமையானது. வராந்தாவில் நின்றபடி சொல்லாதே, ஓர் இடம் பார்த்து உட்கார். அவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள். புரியும் சொல்லில் சொல். அழுதால் அழ விடு. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி முடி. தவறை ஒப்புக்கொள்ளும்போதும் இதே ஒழுங்குதான்.

"பாட்டி, சீஃப் மாற்றச் சொன்ன மருந்தை அன்று ராத்திரி நான் எழுத மறந்துவிட்டேன். காலையில்தான் மாற்றினோம். அதனால் காய்ச்சல் இறங்கத் தாமதமாகியிருக்கலாம். என்னை மன்னிக்க வேண்டும். இனி இப்படி நடக்காமல் இருக்க, ரவுண்ட்ஸிலேயே எழுதிவிடுகிறோம்." சில வரிகள்தான். இதில் 'ஆனால்' என்ற சொல் இல்லை பாருங்கள். கூட்டம் அதிகம், ஆள் குறைவு என்பதெல்லாம் உண்மைதான். அவற்றை நிர்வாகத்திடம் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். மன்னிப்போடு அவற்றைக் கலக்காதீர்கள்.

நம் பக்கத்துப் பொறுப்பு

மருத்துவர்களுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. உண்மையைச் சொல்ல வந்தவரை நாம் எப்படி நடத்துகிறோம்?

மருத்துவமனையில் மவ்த் நேர்ந்தால் கண்ணாடியை உடைப்பதும், டூட்டியில் இருந்த பிள்ளையின் சட்டையைப் பிடிப்பதும் நம் ஊர்களில் நடக்காததல்ல. தமிழ்நாட்டில் 2008-ல் இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. உண்மை சொன்னால் அடி விழும் என்று தெரிந்தால் யார் சொல்வார்கள்? அவர்களைப் பொய் சொல்ல வைப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. நியாயம் கேளுங்கள், விளக்கம் கேளுங்கள், அலட்சியம் இருந்தால் சட்டப்படி போங்கள். எல்லாம் உங்கள் உரிமை. ஆனால் நடுங்கிக்கொண்டே வந்து, 'நான்தான் தவறிவிட்டேன்' என்று சொல்பவரைக் கொஞ்சம் வித்தியாசமாகப் பாருங்கள். அவர் தப்பித்துக்கொள்ள வழி இருந்தும் உங்களிடம் வந்திருக்கிறார்.

கண்ணியத்திற்குரியவர்களே! தொழுகையில் மறந்தவர் என்ன செய்கிறார்? மறந்துவிட்டேனே என்று தொழுகையை விட்டு ஓடிவிடுவதில்லை. யாரும் பார்க்கவில்லை என்று மழுப்புவதும் இல்லை. விடுபட்டதை நிறைவேற்றிவிட்டு, அதே ஸஃபில், அத்தனை பேர் முன்னிலையில் நெற்றியைத் தரையில் வைக்கிறார். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அது அவமானமில்லை, அந்தத் தொழுகையின் நிறைவு.

அந்தப் பிள்ளையின் லாக்புக்கில் கையெழுத்து விழுந்துவிட்டது. ஆனால் மூதாட்டி ஊரில் இருக்கிறார். அடுத்த வாரம் மறுபரிசோதனைக்கு ஓ.பி.க்கு வருவார். மகனும் கூட வருவார். நான்காவது நிபந்தனைக்கு இன்னும் நேரமிருக்கிறது.

நம் தவறுகளை ஒப்புக்கொள்ளும் துணிவையும், ஒப்புக்கொள்பவரை மன்னிக்கும் விசாலத்தையும், அடுத்தவரின் ஹக்கைச் சுமந்துகொண்டு மறுமைக்குப் போகாத நற்பாக்கியத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.